குழந்தையின் உடல் ஏன் துவள்கிறது?
பிராடர்–வில்லி நோய்க்குறியோடு பிறக்கும் குழந்தை துணிபோலத் துவண்டு கிடக்கும். பால் உறிஞ்சவும் வலு இருக்காது. ஏன்? தந்தைவழி 15ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி செயல்படுவதில்லை. தாய்வழிப் பிரதி இருக்கிறதே என்று கேட்கலாம். அங்குள்ள சில மரபணுக்களை, தாயிடமிருந்து வந்தால், இயற்கையே அடக்கி வைத்துவிடுகிறது! (அதே பகுதி தாய்வழியில் இல்லாமற்போனால் வருவது வேறு நோய், ஏஞ்சல்மன்.)

துவளலின் மூலம் முதன்மையாகத் தசையில் இல்லை, மூளையில். தசையை முறுக்கோடு வைத்திருக்கும் கட்டளை தளர்ந்துவிடுகிறது. அதனால் உட்கார ஏறத்தாழ 12 மாதம், நடக்க 24 மாதம் ஆகிறது. இயன்முறைப் பயிற்சி உதவும். வளர்ச்சி ஹார்மோன் ஊசி தசையைக் கூட்டுகிறது. இக்குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவுக்கு அமெரிக்கா 2000இல் அதை அனுமதித்தது.

தலை நிற்கத் தாமதமானால், "போகப் போகச் சரியாகும்" என்று காத்திருக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.