காவலரும் சட்டமும்

ஆயுதங்களை வரையறுத்தல் அரசின் கடமைகளுள் ஒன்று. ஆயின், அவ்வரையறையை நடத்திவைக்கும் உத்தியோகஸ்தரும் ஆயுதம் ஏந்தியவரே. அவருடைய துப்பாக்கி நெறி தவறியவிடத்து அவரை விசாரிக்கத்தக்கவர் யாவர்? இவ்வினாவை அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்த ஒரு வழக்கைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அந்நாட்டில் 1934-ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டம் பிறந்தது. ரவை சிதறிச் சுடும் துப்பாக்கியின் குழல் 18 அங்குலத்திற்குக் குறைந்திருப்பின், அது பதிவு செய்யப்படல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. கைமாறும்போது 200 டாலர் வரியும் விதித்தது. எளிதில் மறைத்தற்குரிய ஆயுதம் கொள்ளையர் கைப்படாது தடுத்தலே இதன் கருத்து.

ஐடஹோ மாகாணத்து மலைப்பகுதியில் வாழ்ந்த ராண்டி வீவர் என்பார், குழல் அறுக்கப்பட்ட இரு துப்பாக்கிகளை 1989-இல் சர்க்கார் ஒற்றர் ஒருவருக்கு விற்றதாகக் குற்றஞ் சாட்டப்பட்டார். விசாரணை நாள் 1991 பிப்ரவரி 20. அவருக்குச் சென்ற ஓர் உத்தியோகக் கடிதமோ மார்ச் 20 என்று பிழைபட உரைத்தது. அவர் வாராமையின், மார்ச் 14 அன்றே அதன்பொருட்டும் குற்றப்பத்திரம் பிறந்தது. அவர் மலையினின்று இறங்க மறுத்தார்.

1992 ஆகஸ்டு 21 அன்று, அவர் மனையை வேவு பார்க்கச் சென்ற மத்திய சர்க்கார் மார்ஷல்களுக்கும் வீவரைச் சார்ந்தோருக்கும் ரூபி ரிட்ஜ் என்னுமிடத்தில் துப்பாக்கிச் சண்டை மூண்டது. மார்ஷல் ஒருவரும் வீவரின் 14 வயது மைந்தனும் மாண்டனர். மறுநாள் வந்த மத்தியப் புலனாய்வுப் படையினர்க்கு, ஆயுதத்துடன் காணப்படும் ஆடவரைச் சுடலாம், சுடவும் வேண்டும் என்னும் பொருள்பட ஆணை தரப்பட்டிருந்தது. குறிபார்த்துச் சுடும் வீரர் ஒருவர் இருமுறை சுட்டார். இரண்டாம் குண்டு கதவினூடே பாய்ந்து, கைக்குழந்தையுடன் அதன்பின் நின்ற வீவரின் மனைவியைக் கொன்றது.

1993-இல் ஜூரிமார், மார்ஷலின் மரணத்தைப் பற்றியும் துப்பாக்கி விற்பனையைப் பற்றியும் வீவர் குற்றவாளியல்லர் எனத் தீர்த்தனர். விசாரணைக்கு வாராமையும் ஜாமீன் நிபந்தனையை மீறினமையுமே குற்றமெனக் கண்டனர். 1995-இல் சர்க்கார், தவறென்று ஒப்பாமலே, அக்குடும்பத்திற்கு 31 லட்சம் டாலர் ஈடு தந்தது.

சுட்டவர் நிலை யாது? 1997-இல் அவ்வூர் ஜில்லா வழக்குரைஞர் அவ்வீரர்மீது கொலையாகாத மரணம் விளைத்த குற்றம் சாட்டினார். மத்திய சர்க்காரின் பணியிற் செய்த செயலுக்காக மாகாணம் அவரைத் தண்டித்தல் ஆகாது என்பதே எதிர்வாதம். இதற்கு ஆதாரம் 1890-இல் பிறந்த நீகிள் வழக்கின் தீர்ப்பு. நியாயாதிபதி ஒருவரைக் காக்கத் துப்பாக்கி சுட்ட மார்ஷலைக் கலிபோர்னியா மாகாணத்தின் சிறையினின்று அத்தீர்ப்பு விடுவித்தது. மத்தியச் சட்டம் தந்த கடமையில், அவசியமும் தகுதியுமான அளவே செய்தவரை மாகாணம் தண்டித்தல் ஆகாது என்பது அதன் சாரம்.

இவ்விதி நியாயமானதே. இன்றேல், மத்தியச் சட்டத்தை வெறுக்கும் ஒரு மாகாணம் அதனை நடத்தவரும் உத்தியோகஸ்தரையெல்லாம் சிறையிலிட்டு அச்சட்டத்தையே முடக்கிவிடும். ஆயின், அவசியம் என்ற சொல்லை நாம் மறத்தலாகாது. அக்குண்டு அவசியமானதுதானா என்பது சாட்சியங்கொண்டு தேறற்பாலது. 1998-இல் கீழ் நியாயஸ்தலம் வழக்கைத் தள்ளியது. 2001-இல் மேல் நியாயஸ்தலத்து நியாயாதிபதிகள் பதினொருவருள் அறுவர், விசாரணை நடைபெறல் வேண்டும் என்றனர், ஐவர் மறுத்தனர். அதற்குள் பதவியேற்றிருந்த புதிய வழக்குரைஞர் வழக்கைக் கைவிட்டார். அத்தீர்ப்பும் பயனற்றதென நீக்கப்பட்டது. எனவே அவ்வினாவிற்கு ஜூரிமார் விடை கூறும் காலம் வரவேயில்லை.

வெள்ளையர் தனித்து வாழவேண்டும் என்ற வீவரின் கொள்கை நமக்கு உடன்பாடன்று. எனினும், சட்டத்தின் காப்பு நாம் விரும்புவோர்க்கு மட்டும் உரியதாயின் அது சட்டமாகாது; தயவேயாம். குடிமகனின் துப்பாக்கிக் குழலை அங்குலக் கணக்கில் அளந்த சட்டம், உத்தியோகஸ்தரின் ஆணையையும் அத்துணை நுட்பமாக அளத்தல் முறையன்றோ? நம் கல்லூரியினின்று நீதித்துறைக்கும் காவற்றுறைக்கும் செல்லும் மாணவர் இதனை உளங்கொள்வாராக.