வரி அவர்களுடையது, நாற்காலி யாருடையது?

1999 ஜூன். கார்கில் போரில் 5140 என்று எண்ணிட்ட மலைமுகட்டைக் கைப்பற்றிய கேப்டன் விக்ரம் பத்ரா, வெற்றிச் செய்தியாக வயர்லெஸ்ஸில் சொன்னது ஒரு விளம்பர வாசகத்தை: 'யே தில் மாங்கே மோர்'. இந்த மனசு இன்னும் வேண்டும் என்கிறது. சில வாரங்களில் அவர் அடுத்த சிகரப் போரில் உயிர் நீத்தார். குளிர்பானம் விற்க எழுதிய நான்கு சொற்கள் ஒரு தேசத்தின் போர் நினைவில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டன.

அந்த வரியின் பின்னால் இருந்தவர் அனுஜா சௌஹான். ராணுவக் குடியிருப்புகளில் வளர்ந்தவர். 1993இல் டெல்லியில் ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் காப்பிரைட்டராகச் சேர்ந்து, 17 ஆண்டுகள் பணியாற்றி, அதன் கிரியேட்டிவ் தலைமைவரை உயர்ந்தவர். 1996 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் கோக் அதிகாரப்பூர்வ ஸ்பான்சராக இருக்க, 'நத்திங் அஃபிஷியல் அபவுட் இட்' என்று பெப்சி வம்புக்கு இழுத்ததே, அதிலும் அவருடைய கை உண்டு. கிரிக்கெட், குளிர்பானம், கல்லூரிப் பையன்களின் நக்கல் பேச்சு: ஆண்களுக்கே உரியது என்று நினைக்கப்பட்ட மைதானத்தில் பல ஆண்டுகள் நின்று ஆடியவர் ஒரு பெண். விளம்பரத் துறை பெண்களை எந்த வாசல் வழியாக உள்ளே விட்டது, எந்த அறையின் முன் நிறுத்தியது என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு தூரம் தாண்டி வந்த தாண்டல் என்பது விளங்கும்.

அந்த வாசலைத் திறந்தவரும் அதே நிறுவனத்துக்காரர்தான். 1908இல் ஜே. வால்டர் தாம்சனின் சின்சினாட்டி கிளையில் சேர்ந்த ஹெலன் லான்ஸ்டவுன், அமெரிக்கா முழுவதும் போகும் விளம்பரங்களை எழுதிய முதல் பெண்களில் ஒருவர். வுட்பரி சோப்புக்கு அவர் எழுதிய விளம்பரம் அழுக்கைப் பற்றிப் பேசவில்லை. தொடத் தோன்றும் சருமத்தைப் பற்றிப் பேசியது. விற்பனை எங்கோ போயிற்று. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் இயக்குநர் குழுவின் முன் போய் நின்று பேசிய முதல் பெண்ணும் அவர்தான். 1916இல் ஸ்டான்லி ரெசர் அந்த ஏஜென்சியை வாங்கித் தலைவரானார். அடுத்த ஆண்டு இருவருக்கும் திருமணம். விளம்பரங்களின் போக்கைத் தீர்மானித்தவர் ஹெலன். தலைவர் என்ற பெயர்ப்பலகை மட்டும் கணவருடையது.

ஹெலன் நியூயார்க்கில் பெண்களுக்கென்றே தனிக் காப்பி பிரிவை நடத்தினார். அங்கே வேலை பார்த்த பெண்கள் அலுவலகத்துக்குள்ளும் தொப்பியைக் கழற்றமாட்டார்கள். காரியதரிசி என்று யாரும் நினைத்துக் கடிதம் தட்டச்சு செய்யச் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக! அவர்களிடம் வந்து சேர்ந்தவை சோப்பு, முகக் கிரீம், சமையல் கொழுப்பு. பெண்கள் வாங்கும் பொருளைப் பெண்களே எழுதட்டும் என்பது நிர்வாகக் கணக்கு. அந்தக் கணக்கால் பல பெண்களுக்கு வேலை கிடைத்தது. அதே கணக்கு அவர்களைச் சோப்புக்கு வெளியே விடவும் இல்லை.

'வைரம் என்றென்றும்' என்ற டி பீர்ஸ் வரியை 1947இல் எழுதிய பிரான்சிஸ் கெரிட்டியும் இப்படி உள்ளே வந்தவர்தான். பிலடெல்பியாவின் என்.டபிள்யூ. ஏயர் ஏஜென்சியில் ஒரு பெண் காப்பிரைட்டரின் இடம் காலியானபோது சேர்ந்தார். இரவு நெடுநேரம் கழித்து எழுதிய அந்த வரியை மறுநாள் கூட்டத்தில் வைத்தபோது, இலக்கணம் சரியில்லையே என்று சக ஊழியர்கள் தயங்கினார்களாம். நிச்சயதார்த்த மோதிரம் என்றால் வைரம் என்று உலகத்தையே நம்பவைத்த அவர் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. 1999இல் அமெரிக்க விளம்பர இதழ் ஒன்று அதை நூற்றாண்டின் சிறந்த வாசகமாகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு அவர் காலமானார்.

ஷெர்லி பாலிகாஃபின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

புரூக்ளினில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஷெர்லி, திருமணத்துக்கு முன் வருங்கால மாமியார் வீட்டுப் பண்டிகை விருந்துக்குப் போனார். திரும்பும்போது, 'உங்கம்மாவுக்கு என்னைப் பிடித்ததா?' என்று கேட்டதற்கு, அவரை மணக்கவிருந்த ஜார்ஜ் மழுப்பினார். பிறகு உண்மை வந்தது: 'தலைமுடிக்குச் சாயம் பூசுகிறாளா, இல்லையா என்று கேட்டார்.' மருமகளாக வரப்போகிறவளைப் பார்த்து மாமியார் முதலில் கேட்ட கேள்வி அது! ஷெர்லி கூனிக்குறுகிப் போனார். சாயம் பூசியது உண்மை. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் முடிக்குச் சாயம் பூசுவது நாடகக்காரிகளுக்கும் நடத்தை சரியில்லாதவர்களுக்கும் உரியது என்ற பேச்சு இருந்தது.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, ஃபுட், கோன் அண்ட் பெல்டிங் ஏஜென்சியில் காப்பிரைட்டராக இருந்த ஷெர்லியிடம் கிளெய்ரால் முடிச்சாய அக்கவுண்ட் வந்தது. 1956இல் அவர் அந்த மாமியாரின் கேள்வியையே தலைப்பாக்கினார்: 'பூசுகிறாளா... இல்லையா?' பக்கத்தில் படமாக வந்தது கவர்ச்சி நடிகை இல்லை. குழந்தையோடு இருக்கும் ஒரு தாய்; நம் அடுத்த வீட்டுப் பெண். அவமானமாகச் சுமந்த கேள்வியை, சாயம் பூசியது தெரியவே தெரியாது என்ற பெருமையாக அவர் திருப்பிப் போட்டார்.

'லைஃப்' இதழின் விளம்பரப் பிரிவில் இருந்த ஆண்கள் அதை வெளியிட மறுத்தார்கள். இரட்டை அர்த்தம் தொனிக்கிறது என்றார்கள். உங்கள் அலுவலகத்துப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லப்பட்டது. கேட்டார்கள். ஒரு பெண்ணுக்கும் அப்படித் தோன்றவில்லை. விளம்பரம் வெளிவந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் முடிக்குச் சாயம் பூசும் அமெரிக்கப் பெண்களின் விகிதம் 7 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்கு மேல் போனது. பெண்களிடம் கேளுங்கள் என்று யாரும் வற்புறுத்தியிராவிட்டால் அந்த வரி குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். இப்படிப் போன வரிகள் எத்தனையோ!

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வழக்கறிஞரான கணவரைவிட அதிகம் சம்பாதிப்பது குடும்பத்துக்கு ஆகாது என்று நினைத்த ஷெர்லி, தன் சம்பளத்தை ஆண்டுக்கு 25,000 டாலரோடு நிறுத்திவைக்கும்படி நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டார். 1961இல் ஜார்ஜ் இறந்தார். அதன்பின் ஏஜென்சி அவர் சம்பளத்தை இருமுறை இரட்டிப்பாக்கியது. அவருடைய உழைப்பின் உண்மையான விலை அவ்வளவு என்பது நிர்வாகத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இதைப் படிக்கும்போது எனக்கு மனம் கசந்தது. கணவனைவிட மனைவி கூடுதலாகச் சம்பாதிப்பதை வெளியில் சொல்லத் தயங்கும் வீடுகள் நம் ஊரிலும் இன்றைக்கு இருக்கின்றன.

1970களின் தொடக்கத்தில் மெக்கான் ஏஜென்சியில் இன்னொரு முடிச்சாயம்: லோரியால். விலை கிளெய்ராலைவிட அதிகம். அறையில் இருந்த ஆண்களின் யோசனை, சன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருக்க, திரைச்சீலை காற்றில் அசைவது. இளம் காப்பிரைட்டர் இலான் ஸ்பெக்டுக்குக் கோபம் வந்தது. ஐந்தே நிமிடத்தில் எழுதி முடித்தார். அவர் எழுதியதில் அந்தப் பெண் வாய் திறந்து பேசினாள்: விலை அதிகம்தான், பரவாயில்லை, எனக்கு அந்தத் தகுதி உண்டு. யாரையும் மயக்க இல்லை, புருஷனுக்குப் பிடிக்கும் என்றும் இல்லை. லோரியால் இன்றுவரை அந்த வரியில்தான் நிற்கிறது. எழுதியவர் பெயர் பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரிய ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. பென் பிரவுட்ஃபுட் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2025இல் கான் விளம்பர விழாவில் உச்ச விருது பெற்றது. 2024 ஏப்ரலில் இறந்துபோன இலான் அதைப் பார்க்கவில்லை.

சாயத்தையும் சோப்பையும் தாண்டிப் போனவர்களும் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். 13 ஆண்டுகளாக லாபம் காணாத ஏவிஸ் வாடகைக் கார் நிறுவனத்துக்கு 1962இல் 'நாங்கள் கூடுதலாக உழைக்கிறோம்' என்ற வரியை எழுதியவர் பாலா கிரீன். முதலிடத்தில் இல்லாததையே பலமாக்கிய வரி. நிறுவனம் லாபத்துக்குத் திரும்பியது. தன் வாழ்க்கைக் கதையும் ஓரளவு அதுதான் என்று பின்னாளில் அவர் சொன்னார். மேரி வெல்ஸ் 1965இல் பிரானிஃப் விமானங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம் பூசவைத்து, பணிப்பெண்களின் உடையை எமிலியோ புச்சியிடம் கொடுத்து, ஒரு விமான நிறுவனத்தின் முகத்தையே மாற்றினார். அவர் வேலை பார்த்த ஏஜென்சியில் அவருக்குத் தலைவர் பதவியின் அதிகாரம் தருவதாகச் சொன்னார்கள். பட்டம் மட்டும் தரமாட்டார்களாம். பெண் தலைவரை ஏற்க உலகம் இன்னும் தயாராகவில்லையாம். மேரி மறுபேச்சுப் பேசாமல் வெளியேறி 1966இல் சொந்த ஏஜென்சி தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் அது பங்குச் சந்தைக்குப் போனது. நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனம் ஒன்றின் முதல் பெண் தலைமை நிர்வாகி என்ற இடம் அவருக்குக் கிடைத்தது.

இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. ஏஜென்சிக்குள் நடப்பது என்ன? கிளையன்டிடமிருந்து, என்ன விளம்பரம் வேண்டும் என்று சொல்லும் பிரீஃப் வரும். காப்பிரைட்டரும் ஆர்ட் டைரக்டரும் இணையாக உட்கார்ந்து சுவர் நிறைய யோசனைகளை ஒட்டிவைப்பார்கள். கிரியேட்டிவ் டைரக்டர் வந்து பார்ப்பார். ஒன்று நிற்கும், மற்றவை கிழிபடும். விளம்பரம் பிறப்பதும் சாவதும் அந்த நிமிடத்தில்தான். எழுதும் மேசையில் பெண்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறார்கள். கிழிக்கவும் நிறுத்தவும் அதிகாரமுள்ள நாற்காலிதான் அவர்களுக்கு எட்டவில்லை. 2012இல் அமெரிக்காவில் கேட் கார்டன் என்ற கிரியேட்டிவ் டைரக்டர் இதற்காக ஒரு மாநாட்டைத் தொடங்கியபோது அதற்கு '3% மாநாடு' என்று பெயர் வைத்தார். கிரியேட்டிவ் டைரக்டர்களில் பெண்கள் அன்று அவ்வளவுதான் என்று ஆய்வு சொன்னது.

2005இல் டொரன்டோவில் நடந்ததைப் பாருங்கள். உலகின் மிகப் பெரிய விளம்பரக் குழுமங்களில் ஒன்றான டபிள்யூபிபியின் உலகளாவிய கிரியேட்டிவ் தலைவர் நீல் ஃப்ரெஞ்ச், ஒரு மேடையில், பெண் கிரியேட்டிவ் டைரக்டர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்குப் பதில் சொன்னார். பெண்களுக்குத் தகுதி போதவில்லை, பிள்ளை குட்டி என்று போய்விடுகிறார்கள் என்ற பொருளில், அதைவிடக் கொச்சையான சொற்களில். அவையில் இருந்தவர் நான்சி வாங்க். அதே குழுமத்தைச் சேர்ந்த ஓகில்வி டொரன்டோ அலுவலகத்தின் இரு கிரியேட்டிவ் தலைவர்களில் ஒருவர். மற்றவர் ஜேனட் கெஸ்டின், அவரும் பெண். நான்சி பயப்படாமல் பகிரங்கமாக எழுதினார். உலகம் முழுக்கச் சர்ச்சை வெடித்தது. ஃப்ரெஞ்ச் பதவி விலகினார். அடுத்த ஆண்டு அந்த இரு பெண்களின் தலைமையில் டொரன்டோ அலுவலகம் டவ் நிறுவனத்துக்காக 'எவல்யூஷன்' படத்தை வெளியிட்டது. சாதாரணப் பெண்ணொருத்தியை ஒப்பனையும் கணினியும் சேர்ந்து விளம்பரப் பலகை அழகியாக்குவதை ஒன்றேகால் நிமிடத்தில் காட்டும் படம். 2007 கான் விழாவில் இரண்டு கிராண்ட் பிரீ விருதுகள் வாங்கியது. தகுதி பற்றிய பேச்சுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

நம் வீட்டுக்கு வருவோம். 'கறை நல்லது' தெரியாத தமிழ் வீடு உண்டா? தங்கை சேற்றில் விழுந்ததும் அந்தச் சேற்றையே அடித்துத் துவைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்லும் அந்தக் குட்டி அண்ணனை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2005இல் லோவ் ஏஜென்சியில், இந்தியில் 'தாக் அச்சே ஹைன்' என்று வந்த அந்த விளம்பர வரிசைக்குப் பின்னால் முக்கியமாக நின்றவர் பிரீத்தி நாயர். சோப்புத்தூள் என்ற பழைய வாசல்தான். ஆனால் அவர் கறையைக் குற்றமாகவும் துவைப்பவளைக் குற்றவாளியாகவும் காட்டும் வழக்கத்தையே கவிழ்த்துவிட்டார். எஃப்சிபி உல்காவில் சுவாதி பட்டாச்சார்யாவின் குழு 2017இல், கொல்கத்தா துர்கா பூஜையில் சுமங்கலிகள் மட்டும் ஆடும் குங்கும விளையாட்டுக்குள் கைம்பெண்களையும் மற்ற எல்லாப் பெண்களையும் அழைத்து வந்தது.

ஆண்களால் பெண் மனதை எழுதவே முடியாது என்று நான் சொல்லவில்லை. மாதவிலக்கான பெண் ஊறுகாயைத் தொட்டால் கெட்டுப்போகும் என்ற நம்பிக்கையை உடைத்த விஸ்பர் விளம்பரம், 2015இல் கான் விழா பாலினச் சமத்துவத்துக்கென்று தொடங்கிய கிளாஸ் லயன் பிரிவின் முதல் கிராண்ட் பிரீயை வென்றது. அதைச் செய்த பிபிடிஓ இந்தியாவின் கிரியேட்டிவ் தலைமை ஓர் ஆண்தான். அனுஜாவால் கிரிக்கெட்டை எழுத முடிந்ததுபோல அவரால் ஊறுகாய்ப் பானையைத் தொட முடிந்தது. யாருக்கு எந்தப் பொருள் என்ற வேலியே தேவையில்லை என்பதற்கு இருவருமே சாட்சி.

பிறகு ஏன் நாற்காலி எட்டவில்லை? ஃப்ரெஞ்ச் சொன்ன பிள்ளை குட்டி ஒரு காரணம்தான், ஆனால் அவர் சொன்ன விதத்தில் இல்லை. ஒரு கிளையன்டைப் பிடிக்க யோசனைகளை முன்வைக்கும் பிட்ச் என்றால் விடிய விடிய வேலை. சனி, ஞாயிறு கிடையாது. முப்பது வயதைத் தாண்டி, கிரியேட்டிவ் டைரக்டராகும் தறுவாயில், கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணால் நள்ளிரவு ரெவ்யூவுக்கு உட்கார முடியாது. அவள் திறமை அன்றைக்குக் குறைந்துவிடவில்லை. நல்ல யோசனை நள்ளிரவில்தான் வரும் என்பது மூடநம்பிக்கை. ஊறுகாய்ப் பானை நம்பிக்கைக்குச் சற்றும் குறைந்ததில்லை. இரவில் மேசையில் இருப்பவரை உழைப்பாளி என்றும் ஆறு மணிக்குக் கிளம்புபவரை அக்கறையில்லாதவர் என்றும் எழுதிவைக்கும் பழக்கத்தை ஏஜென்சிகள் விட வேண்டும். பிரசவ விடுப்பு முடிந்து வருபவரிடம் பழைய அக்கவுண்டைத் திரும்பக் கொடுக்க வேண்டும். பண்டிகை வாழ்த்து விளம்பரத்தை எழுதச் சொல்லி ஓரமாக உட்காரவைக்கக் கூடாது.

காசு கொடுக்கும் கிளையன்டுகளின் கையில் இன்னும் பெரிய கருவி இருக்கிறது. சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ ஜவுளிக்கும் நகைக்கும் மசாலாவுக்கும் கோடிக்கணக்கில் விளம்பரச் செலவு செய்யும் முதலாளிகளே, அடுத்த பிட்சுக்கு வரும் ஏஜென்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை எழுதியது யார் என்று கேட்க வேண்டாம், இதைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேளுங்கள். அந்த அறையில் ஒரு பெண்ணும் இல்லை என்று பதில் வந்தால், இருக்கும்படி செய்துவிட்டு வரச் சொல்லுங்கள்.