செயற்கைக்கோள் இணையக் கருவியைப் பேணும் முறை

கிராமத்திற்குச் சாலை எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது செய்தித் தொடர்பு. வரி ரசீது, சாதிச் சான்று, பட்டா நகல் முதலியன இன்று இணையத்தின் வழியாகவே குடிமக்களுக்குக் கிடைக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஊராட்சிகள் பல உள்ளன. சமவெளி ஊர்களுக்குக் கண்ணாடி இழைக் கம்பியைக் கொண்டு செல்வது எளிது. ஜவ்வாது மலையிலோ காடும் பள்ளத்தாக்கும் குறுக்கிடுகின்றன. கம்பி எட்டாத இடங்களுக்குச் செயற்கைக்கோள் இணையம் கைகொடுக்கும். அத்தொடர்பு ஒரு நாள் நின்றால், சான்றிதழ் வேண்டும் மலைவாழ் உழவர் ஜமுனாமரத்தூருக்கோ போளூருக்கோ செல்ல நேரிடும்; அன்றைய கூலியும் போகும், பேருந்துக் கட்டணமும் சேரும். ஆகவே இக்கருவியைப் பேணும் முறையை ஊருக்கு இருவராவது அறிந்திருத்தல் நலம்.

கிராமத்திற்கு இது புதியதன்று. 1975-76ஆம் ஆண்டில் நம் நாட்டின் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்கள் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி கண்டன. கோழிவலைக் கம்பியால் செய்த ஆண்டெனாக்களே அங்கு பயன்பட்டன. 2004ஆம் ஆண்டில் திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய ஊர்களில் இஸ்ரோவும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செயற்கைக்கோள் தொடர்புடைய கிராம வள மையங்களைத் தொடங்கின.

தத்துவம்

இணையத்திற்கென 2018 டிசம்பர் 5 அன்று ஏவப்பட்ட ஜிசாட்-11 என்னும் கோளை எடுத்துக்கொள்வோம். 5,854 கிலோ எடையுள்ள இக்கோள், நிலநடுக்கோட்டிற்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 74 பாகையில் உள்ளது. பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றுவதால் வானில் ஓரிடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும். நாம் கேட்பது அங்கு சென்று விடை திரும்ப அரை நொடி ஆகும். ஆதலால் பேச்சில் தோன்றும் சிறு தாமதம் பழுதன்று.

முதலில் கீழே பார்க்க வேண்டும்

தொடர்பு நின்றவுடன் சிலர் டிஷ்ஷைத் திருப்ப முனைகின்றனர். இது பெருந்தவறு. சரியாக நின்ற டிஷ் காற்றோ குரங்கோ அசைக்காத வரை தானாக விலகாது. பின்வரும் வரிசையில் சோதித்தல் வேண்டும்.

1. மின்சாரம் உள்ளதா, சந்தாக் கெடு தீர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

2. மோடத்தை நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் இயக்க வேண்டும். அது கோளுடன் தொடர்பு கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும், பொறுத்திருக்க வேண்டும்.

3. மோடத்தின் விளக்குகளை நோக்க வேண்டும். அலையை ஏற்கும் விளக்கு நிலையாக எரிந்தும் இணையம் இல்லையெனில், பழுது பெரும்பாலும் கணினியிலோ நிறுவனத்தாரிடமோ இருக்கும். அவ்விளக்கு எரியாவிடில் கேபிளையும் டிஷ்ஷையும் சோதிக்க வேண்டும்.

4. கேபிளில் மின்சாரம் செல்வதால், மோடத்தை நிறுத்திய பின்னரே இணைப்புகளைத் தொட வேண்டும். நீர் புகுந்த முனை, துரு, எலி கடித்த இடம் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

கனமழையில் தொடர்பு தளர்வது இயல்பு. மழை தணிந்ததும் மீளும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள், நண்பகலுக்குச் சற்றுப் பின் கதிரவன் இக்கோளுக்கு நேர் பின்னே வரும். அப்போது சில நிமிடங்கள் தொடர்பு தடைப்படும். இவ்விரண்டிற்கும் டிஷ்ஷைத் தொடத் தேவையில்லை.

டிஷ்ஷை நேர்ப்படுத்துதல்

டிஷ் உண்மையாகவே அசைந்துவிட்டால் மட்டும் இவ்வேலையில் இறங்க வேண்டும். மோடத்தை நிறுத்திவிட்டுத் தூக்குக் குண்டு கொண்டு கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பம் சாய்ந்திருப்பின் எல்லா அளவும் பிழையாகும்.

திருவண்ணாமலையிலிருந்து இக்கோள் தெற்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 23 பாகை விலகி, தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 74 பாகை உயரத்தில் உள்ளது. வேறு கோளாயின் நிறுவனத்தார் தரும் அளவைக் கொள்க. தெற்கை அறிய நேராக நட்ட குச்சியின் மிகக் குறுகிய நிழலே போதும்; அது தென்வடலாக விழும். சித்திரையிலும் ஆவணித் தொடக்கத்திலும் கதிரவன் உச்சிக்கு நேரே வரும் நாட்களில் நிழல் ஒடுங்கிவிடும். அப்போது காந்த ஊசியைப் பயன்படுத்தலாம்.

கோள் இவ்வளவு உயரத்தில் இருப்பதால் மலை மறைக்கும் என்ற கவலை பெரும்பாலும் இல்லை. அருகிலுள்ள தென்னை ஓலையே மறைக்கும். மேலும், நம் பகுதியில் ஏற்றக்கோணமே நுட்பமானது. பக்கவாட்டில் 1 பாகை பிசகினால் வானில் கால் பாகை அளவே விலகும்; ஏற்றத்தில் 1 பாகை பிசகினால் முழுவதும் விலகும். 1.2 மீட்டர் டிஷ், முக்கால் பாகை விலகினாலே ஏற்கும் வலிமை பாதியாகிவிடும். டிஷ்ஷின் முகம் கோளை விடத் தாழ்வாக நோக்குவதுபோல் தோன்றலாம். அதன் வடிவம் அத்தகையது. கண்ணை நம்பாமல், பின்புறத் தாங்கியிலுள்ள அளவுகோலையே நம்புக.

கோணங்களை வைத்தபின் மோடத்தை இயக்க வேண்டும். ஒருவர் மோடத்தின் அலை வலிமையைப் படித்துச் சொல்ல, மற்றவர் டிஷ்ஷின் பின்னே நின்று சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும். இயங்கும் டிஷ்ஷின் முன்னே எவரும் நிற்கலாகாது. உச்ச வலிமை கண்டதும் திருகாணிகளை மாறி மாறி இறுக்கி, கம்பத்தில் வண்ணக் குறி இட வேண்டும். முனைக் கருவியைச் சுழற்றி அமைப்பதும் அலை அனுப்பும் சோதனையும் நிறுவனப் பொறியாளர் பணி. பிழையாயின் பிறருடைய தொடர்பையும் கெடுக்கும்.

மழைக்கு முன்

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் திருவண்ணாமலை நகரில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். மழைக்காலத்தில் கம்பங்கள் சாய்ந்து சாலை துண்டிக்கப்படுமாயின், மழை சற்று ஓய்ந்த வேளையில் மாவட்டத் தலைமையிடத்திற்குச் செய்தி அனுப்ப இக்கருவியே துணையாகலாம். ஆண்டுதோறும் புரட்டாசியில் திருகாணிகள், கேபிள் முனைகள், மின்கலம், இடிதாங்கி இணைப்பு ஆகியவற்றைச் சோதித்து, அலை வலிமையை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போமாக. அக்குறிப்பேடு இருப்பின் அடுத்த பழுதில் பாதி வேலை முன்னரே முடிந்ததாகும்.