பிள்ளைக்கு எழுதும் பத்திரத்தில் ஒரு வரி

முதியோர் உதவித்தொகை நம்மில் பலருக்குத் தெரியும். 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்த அத்தொகைக்கு, 60 வயது கடந்த ஆதரவற்ற ஏழைகள் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் சம்பாதிக்கும் மகன்கள் இருந்தும் சாப்பாட்டுக்குத் தவிக்கும் பெரியவர்கள்? அவர்களுக்காகவே 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. ஜெயங்கொண்டம் பகுதியினர் உடையார்பாளையம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை தரும்படி அவர் பிள்ளைகளுக்கு உத்தரவிட முடியும்.

வீட்டை ஏற்கெனவே மகன் பெயருக்கு எழுதியவர்கள் நிலைதான் சிக்கல். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால், சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025-ல் வந்த இன்னொரு தீர்ப்பு முதியவர்களுக்குச் சாதகமாகச் சட்டத்தைத் தாராளமாகப் பார்த்தது என்றாலும், அதை நம்பி இருக்க வேண்டாம். ‘பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா?’ என்று கூச்சப்படாமல், பத்திரம் எழுதுபவரிடம் சொல்லி அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்.

யாரிடம் போவது என்று தெரியாத பெரியவர்கள் 14567 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். ஜும்ஆவுக்குப் பின் மஹல்லாக்களில் இந்த எண்ணை அறிவியுங்கள்.