ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்றால் பயப்பட வேண்டுமா?

மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்கு உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு மனு கொண்டுவரும் குடும்பங்களின் ஃபைலில் பயாப்ஸி ரிப்போர்ட் இருக்கிறது. சில நாள் கழித்து வரும் இரண்டாவது தாள் பலரிடம் இருப்பதில்லை. இருந்தால், அதில் ‘பாசிட்டிவ்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து நோய் முற்றிவிட்டதாக வீட்டார் கலங்கிப்போகிறார்கள்.

அந்தத் தாள் ஐ.எச்.சி. பரிசோதனை முடிவு. கட்டியிலிருந்து எடுத்த சதையை மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, புற்று செல்களில் குறிப்பிட்ட சில புரதங்கள் உள்ளனவா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள்.

ஈ.ஆர்., பி.ஆர். என்பவை பெண் ஹார்மோன்கள் வந்து ஒட்டிக்கொள்ளும் புரதங்கள். நூறு செல்லில் ஒன்றில் சாயம் பிடித்தாலும் பாசிட்டிவ் என்றே எழுதுவார்கள். ஹார்மோனால் வளரும் கட்டி என்பது இதன் பொருள். ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைக்கு அது கட்டுப்படும். ஆக, இந்த இடத்தில் பாசிட்டிவ் நல்ல செய்தி. மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டமாக்சிஃபென், நின்றவர்களுக்கு லெட்ரோசோல் போன்றவை. டமாக்சிஃபெனை 5 ஆண்டு சாப்பிட்ட பெண்களிடம் அந்த 5 ஆண்டுகளில் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததைப் பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. விலையும் அதிகமில்லை. ஆனால் ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறியதும், “நல்லாத்தானே இருக்கேன்” என்று இரண்டாம் வருடமே நிறுத்திவிடுகிறார்கள். இவ்வகை நோய் 10 வருடம் கழித்தும் திரும்பக்கூடியது. உடம்பு தகிப்பு, மூட்டுவலி என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஹெர்-2 கதை வேறு. இந்தப் புரதம் மிகுந்தால் நோய் வேகமாகப் பரவும். 1987இல் அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் இதைச் சொன்னபோது அது கெட்ட செய்தி மட்டுமே. இதையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசிக்கு 1998இல் அங்கே அனுமதி கிடைத்தது; அதன்பின் நிலைமை மாறியது. ரிப்போர்ட்டில் 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ பாசிட்டிவ். 2+ என்றால் முடிவாகவில்லை, ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை வேண்டும். செலவை நினைத்துப் பலர் விடுவது இதைத்தான். ஆனால் இதைச் செய்யாமல் ஊசி தேவையா என்றே தெரியாது. இந்தச் செலவுக்கு எங்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மூன்றும் நெகட்டிவ் என்றதும் நிம்மதி அடைகிறவர்களும் உண்டு. இங்கே ஹார்மோன் மாத்திரையும் ஹெர்-2 ஊசியும் பயன்படாது, கீமோவே பிரதானம். நோய் திரும்பும் ஆபத்து முதல் சில வருடங்களில்தான் அதிகம், பிறகு நன்றாகக் குறையும். அதனால் கீமோ தேதியை வீட்டு விசேஷத்துக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

கி-67 என்பது எத்தனை சதவீத செல்கள் பெருகுகின்றன என்ற கணக்கு. 5க்குள் மெதுவான கட்டி, 30க்கு மேல் வேகமானது. நடுவில் உள்ள எண்ணை வைத்து வீட்டில் ஜோசியம் பார்க்காதீர்கள். லேபுக்கு லேப் மாறும். கட்டியின் அளவு, அக்குள் நெறிகட்டி எல்லாம் சேர்த்துத்தான் டாக்டர் கணிப்பார்.

மனு தரும்போது இரண்டு ரிப்போர்ட்டின் நகலும் வேண்டும். ஆஸ்பத்திரி மாறுகிறவர்கள் பழைய இடத்தில் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். மறுபரிசோதனைக்கு அதுதான் தேவை. அஸருக்குப் பின் மக்ரிப் வரை அலுவலகம் திறந்திருக்கும்.