உயிர்க்கலமே அளவுகோல்: மலையகத்துக் காசநோய்ப் பரிசோதனை பற்றி

நெருக்கமான லயன் அறைகளில் காசநோய் எளிதிற் பரவும். நுவரெலியா, ஹற்றன் தோட்டங்களில் நோயாளியோடு ஓரறையில் வாழ்வோருள் எவரிடத்துக் கிருமி உறங்குகின்றது என்பதை அறிவது எங்ஙனம்? கலங்கள் தமக்குள் செய்தி பரிமாறும் சைட்டோகைன் என்னும் புரதங்களை அளத்தல் இதற்கு ஒரு வழியாகும்.

இப்புரதங்களை இருவகையில் அளக்கலாம். பிறபொருளெதிரி கொண்டு அளக்கும் முறை, மாதிரியில் புரதம் எவ்வளவு உளது என்பதைக் கூறும். அது தொழிற்படுகின்றதா என்பதைக் கூறாது. கலமுறையோ தொழிற்பாட்டையே அளக்கின்றது. சான்றாக, கட்டியழி காரணி என்னும் சைட்டோகைன் எல் 929 எனப்படும் எலிக் கலங்களைக் கொல்லவல்லது. மாதிரியைப் படிப்படியாக ஐதாக்கி, கலங்களில் அரைப்பங்கு இறக்கும் நிலையைக் கண்டு, நியமத்தோடு ஒப்பிட்டு அதன் வலிமையைக் கணிப்பர்.

அளவு வேறு, ஆற்றல் வேறு என்பதற்கு இலங்கை ஆய்வொன்றே சான்று. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நதீரா கருணாவீர, காமினி மென்டிஸ் முதலியோர், விவாக்ஸ் மலேரியா நோயாளரின் குளிர்காய்ச்சல் வேளைக் குருதிநீரை ஒட்டுண்ணியின் மீதே சோதித்து 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒட்டுண்ணியை அழிக்கக் கட்டியழி காரணி இன்றியமையாதது. ஆயினும் துணைக் காரணிகளின்றி அது மட்டும் போதாது என்பது புலனாயிற்று.

காசநோய்ப் பரிசோதனையில் வினவப்படுவது மனிதரின் சொந்தக் கலம். அவரது குருதியைக் காசநோய்க் கிருமிக்குரிய புரதங்களுடன் 37 பாகை செல்சியசில் 16 முதல் 24 மணிநேரம் வைப்பர். முன்னர் அக்கிருமியைச் சந்தித்த வெண்கலங்கள் காமா இன்டர்பெரோனைச் சுரக்கும். அதனைப் பின்னர் பிறபொருளெதிரி முறையால் அளப்பர். 1949 முதல் இலங்கையில் வழங்கப்பட்டுவரும் பி.சி.ஜி. தடுப்பூசியில் இப்புரதங்கள் இல்லையாதலின், அவ்வூசி இம்முடிவைக் குழப்பாது. மான்டூ தோற்பரிசோதனையையோ அது குழப்பக்கூடும். எனினும் உறங்கும் தொற்றையும் முற்றிய நோயையும் இப்பரிசோதனை பிரித்தறியாது.

மான்டூ முடிவைப் பார்க்க 48 முதல் 72 மணிநேரத்தில் தொழிலாளி மீண்டும் வரவேண்டும். ஒருநாட் ‘பேர்’ போய்விடும். குருதிப் பரிசோதனைக்கு ஒருமுறை வந்தாற் போதும். ஆனால் அறை வெப்பநிலையிலுள்ள குருதி, வழக்கமான முறையில், 16 மணிநேரத்துள் சூடேற்றியை அடைதல் வேண்டும். மலைப்பாதையிற் காலம் கடந்தால் கலங்கள் சோரும். இதனாலேயே, எக்கலத்தையும் தூண்டும் பொருளிட்ட கட்டுப்பாட்டுக் குழாயும் உடன் வைக்கப்படுகின்றது. அதிலும் விடையில்லையெனில் முடிவு ‘தீர்மானிக்க இயலாதது’ என்பதேயன்றி, ‘தொற்று இல்லை’ என்பதன்று.

சூடேற்றியில் இருந்தெடுத்த குழாய்களோ மூன்று நாள்வரை காத்திருக்கவல்லன. ஆதலின் சூடேற்றி டிக்கோயா ஆதார வைத்தியசாலை போன்ற அண்மை நிலையங்களில் அமையின், கலம் தன் விடையைத் தோட்டத்தின் அருகிலேயே கூறிவிடும். எஞ்சிய தூரத்தைக் குழாய் கடக்கலாம். தூரத்தின் சுமையைத் தொழிலாளியின் கூலி மீதோ, அவரது குருதி மீதோ ஏற்றாத ஏற்பாடே அறிவியலுக்கும் நீதிக்கும் ஒருங்கே பொருந்துவதாகும்.