601, 1701: பழைய பிசி பூட் ஆகாமல் நிற்கும் இடங்கள்

ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்ட்டில் வெளியிட்ட முதல் பிசியில் ஃப்ளாப்பி டிரைவ் மட்டும்தான். 1983 மார்ச்சில் வந்த எக்ஸ்டி மாடலில்தான் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குள்ளேயே இடம்பிடித்தது. இன்றைய செல்போனில் எடுக்கும் இரண்டு மூன்று புகைப்படங்களுக்கு மேல் அதில் கொள்ளாது. ஆனாலும் கணக்கு, கடிதம், நிரல் என்று ஒரு முழு அலுவலகமே அதற்குள் வாழ்ந்தது. அந்த எக்ஸ்டிகளும் அவற்றைப் பார்த்துச் செய்யப்பட்ட குளோன்களும் சேகரிப்பாளர்களிடமும் பரண்களிலும் இன்னும் இருக்கின்றன.

இறக்கி வைத்து சுவிட்சைப் போட்டால் பல நேரங்களில் நடப்பது இதுதான்: விசிறி சுற்றும், திரையில் கர்சர் மினுக்கும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. "ஹார்ட் டிஸ்க் போச்சு" என்று உடனே முடிவு கட்டிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். இந்த இயந்திரங்கள் பூட் ஆகும்போது ஒவ்வொரு படியையும் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும்படியே செய்கின்றன. எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பழுதில் பாதி பிடிபட்டது போலத்தான்.

படிகள் என்னென்ன? மின்சாரம் வந்ததும் 8088 சிப், ரோமில் எழுதப்பட்ட பயாஸ் நிரலை ஓட்டத் தொடங்குகிறது. அது மெமரியைச் சோதிக்கும்போது திரையின் மூலையில் எண் மெல்ல ஏறி 640 வரை போகும்.  பிறகு ஏ டிரைவின் விளக்கு எரியும், மோட்டார் சுற்றும், பயாஸ் ஹெட்டை 34ஆம் ட்ராக் வரை நகர்த்திப் பார்க்கும். அப்போது வரும் அந்தக் கரகர ஒலி நல்ல சகுனம். எல்லாம் சரி என்றால் ஒரே ஒரு குட்டி பீப். அடுத்து ஃப்ளாப்பியின் முதல் ட்ராக்கில் முதல் செக்டரை, அதாவது வெறும் 512 பைட்டை, மெமரிக்கு எடுத்து அதனிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும். ஃப்ளாப்பி இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டர். இரண்டிலும் ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் அசல் ஐபிஎம் ரோமிலேயே இருக்கும் பேசிக் மொழியைத் திறந்துவிடும். குளோன்களில் அந்த பேசிக் கிடையாது.

சுவிட்சைப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியானால் பவர் சப்ளை எத்தனை வோல்ட்டுக்கானது என்று பின்புறம் பாருங்கள். நம் ஊர் 230 வோல்ட்டை 115 வோல்ட் சப்ளையில் கொடுத்தால் அத்தோடு முடிந்தது. வோல்ட் சரியாக இருந்தும் விசிறி ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டால், உள்ளே எங்கோ ஷார்ட் என்று பொருள். மதர்போர்டிலோ டிரைவிலோ 12 வோல்ட் பாதையில் இருக்கும் மணி போன்ற டாண்டலம் கபாசிட்டர்கள் வயதானால் ஷார்ட் ஆகும். கார்டுகளையும் டிரைவ்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் போட்டுப் பாருங்கள். எதைக் கழற்றியதும் விசிறி ஓடுகிறதோ அதில்தான் பழுது. ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். சுமையே இல்லாமல் இந்த சப்ளைகள் பல கிளம்பாது.

இனி, பழுது கண்டால் பயாஸ் திரையில் காட்டும் எண்கள். மெமரி பழுதுக்கு 201, கீபோர்டுக்கு 301, ஃப்ளாப்பிக்கு 601, ஹார்ட் டிஸ்க்குக்கு 1701.

601 வந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள். 34 கம்பிகள் கொண்ட பட்டைக் கேபிளில் ஒரு கொத்துக் கம்பி முறுக்கிவிடப்பட்டிருக்கும். அந்த முறுக்குக்கு அப்பால் மாட்டிய டிரைவ்தான் ஏ. முறுக்கு இல்லாத கேபிளை யாராவது மாற்றி மாட்டியிருந்தால், டிரைவ் நன்றாக இருந்தும் பயாஸ் அதைத் தேடிக்கொண்டே இருக்கும். மூன்றரை அங்குல டிரைவில் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருந்தால் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். இதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

கேபிள் சரி, ஆனாலும் கரகர ஒலி வரவில்லையா? டிரைவைக் கழற்றி மேஜையில் வைத்து, மின்சாரம் இல்லாத நிலையில் ஹெட் வண்டியை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். நாற்பது ஆண்டுப் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். ஹெட் முதல் ட்ராக்குக்கே வந்து சேராவிட்டால் பயாஸ் கைவிரித்துவிடும். பழைய கிரீஸைத் துடைத்து, தண்டவாளத்தில் துளி புதியது போட்டாலே பல டிரைவ்கள் உயிர்பெறும். ஹெட்டைத் துடைக்க ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சி போதும். மேல் ஹெட் மெல்லிய ஸ்பிரிங் தகட்டில் தொங்குகிறது. அதைச் சற்றே தூக்கலாம். அதிகம் தூக்கி, டக்கென்று விட்டால் வளைந்துவிடும், பிறகு நேராக்க முடியாது.

வேகமும் முக்கியம். 360 கிலோபைட் டிரைவ் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்ற வேண்டும். முதல் பிசிகளில் வந்த டாண்டன் டிஎம்-100 டிரைவைக் கவிழ்த்தால் அடியில் பெல்ட் ஓடும் பெரிய சக்கரம் தெரியும். அதன்மேல் கோடுகள் போட்ட இரண்டு வளையங்கள், ஒன்று 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கு, மற்றொன்று நம்மைப் போன்ற 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கு. சோக் வைத்த பழைய ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஓடவிட்டுப் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது 50 ஹெர்ட்ஸ் வளையத்தின் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். கோடுகள் நகர்ந்தால், போர்டில் உள்ள சிறு திருகை ஒரு மயிரிழை திருப்பிச் சரிசெய்யலாம். எல்இடி பல்பு பெரும்பாலும் இதற்கு உதவாது. எந்தக் கருவியும் இல்லாமல் வேகத்தை அளக்க வழிவைத்த அந்தப் பொறியாளர்களை எண்ணினால் எனக்கு இன்றும் மரியாதைதான்.

எண் எதுவும் இல்லாமல் "நான்-சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எரர்" என்ற வாசகம் வருகிறதா? இதைப் பார்த்துத்தான் பலர் டிரைவையே தூக்கிப் போடுகிறார்கள். ஆனால் இந்த வாசகம் இருப்பது ரோமில் அல்ல, டிஸ்க்கின் முதல் செக்டரில். அது திரைக்கு வந்துவிட்டது என்றாலே டிரைவ் சுற்றியிருக்கிறது, ஹெட் படித்திருக்கிறது, கேபிளும் கண்ட்ரோலரும் வேலை செய்திருக்கின்றன. அந்த டிஸ்க்கில் டாஸ் கோப்புகள் இல்லை, அல்லது சிதைந்துள்ளன, அவ்வளவுதான். ஏ டிரைவில் மறந்து விட்டுவைத்த ஒரு சாதாரண ஃப்ளாப்பியும் காரணமாக இருக்கலாம்.

பூட் ஃப்ளாப்பி தயாரிப்பதில் ஒரு பொறி உண்டு. 1984இல் ஏடி மாடலுடன் வந்த 1.2 மெகாபைட் டிரைவில் 80 ட்ராக். பழைய 360 டிரைவில் 40 ட்ராக். புதியதன் ஹெட் பாதி அகலம்தான். ஏற்கெனவே 360 டிரைவில் எழுதிய ஃப்ளாப்பியின் மேல் 1.2 டிரைவில் எழுதினால், அகலமான பழைய எழுத்தின் நடுவில் மெல்லிய புதிய கோடு விழும். திரும்ப எக்ஸ்டியில் போட்டால் அதன் அகல ஹெட் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். ஆகவே எதுவும் எழுதாத, அல்லது காந்தத்தால் முழுக்க அழித்த ஃப்ளாப்பியில் எழுதுங்கள். அதைவிடப் பத்திரம், எக்ஸ்டியின் டிரைவிலேயே எழுதுவது.

1701க்கு வருவோம். எக்ஸ்டி பயாஸுக்கு ஹார்ட் டிஸ்க் என்ற ஒன்றே தெரியாது. கண்ட்ரோலர் கார்டில் உள்ள தனி ரோம்தான் அதைச் சொல்லித்தர வேண்டும். எனவே கார்டைக் கழற்றி, தங்க முனைகளைத் துடைத்து மறுபடி அழுத்திச் செருகுவது முதல் வேலை. அடுத்தது காது. சீகேட்டின் எஸ்டி-412 நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றும். ஏறும் ஒலி தெளிவாகக் கேட்கும். ஒலியே இல்லையென்றால் ஹெட் தட்டில் ஒட்டியிருக்கலாம். மின்சாரம் நின்றால் இந்த டிரைவ்களின் ஹெட்கள் தட்டின் மேலேயே இறங்கி அமரும். ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தால் ஈரக் கண்ணாடித் தகடுகள் இரண்டும் ஒட்டிக்கொள்வது போல ஒட்டிவிடும். சுத்தியலால் தட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். டிரைவைக் கழற்றிக் கிடைமட்டமாகப் பிடித்து, மணிக்கட்டைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பி நிறுத்துங்கள். உள்ளே தட்டு தன் வேகத்தில் நகர்ந்து விடுபடும்.

சுற்றுகிறது, ஆனாலும் 1701 என்றால் அரை மணி நேரம் அப்படியே ஓடவிடுங்கள். எஸ்டி-412, அதற்குப் பின் வந்த 20 மெகாபைட் எஸ்டி-225 ஆகியவற்றில் ஹெட்டை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். ட்ராக் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இத்தனை அடி நகர் என்றால் நகரும். உலோகம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். எழுதிய காலத்து வெப்பநிலை வந்தால்தான் ஹெட் ட்ராக்கின் மேல் நிற்கும். சூடானதும் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்துங்கள். பல டிரைவ்கள் அப்போது பூட் ஆகிவிடும். பூட் ஆனதும் முதல் வேலையாகக் கோப்புகளை வெளியே எடுங்கள். லோ-லெவல் ஃபார்மட் செய்தால் டிரைவ் பழையபடி திடமாகும் என்பது உண்மை. அதோடு உள்ளே இருந்த எல்லாமே போய்விடும் என்பதும் உண்மை.

ஏடியிலும் அதற்குப் பிந்தைய 286, 386 பெட்டிகளிலும் வேறொரு தொல்லை. ஹார்ட் டிஸ்க்கின் அளவை அவை சிமாஸ் மெமரியில் வைத்திருக்கும், அதைக் காப்பது ஒரு பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் நல்ல டிரைவும் காணாமல் போகும். செட்டப்பில் டிரைவின் விவரங்களை மறுபடி கொடுத்தால் திரும்பி வரும். மதர்போர்டில் பற்றவைத்த பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரியைக் கண்டால் இன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். கசிந்த காரம் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும்.

"நோ ரோம் பேசிக்" என்று குளோன் சொன்னால் பேசிக் சிப்பைத் தேடி அலைய வேண்டாம். எந்தப் பார்டிஷனும் ஆக்டிவ் என்று குறிக்கப்படவில்லை என்பதுதான் பெரும்பாலும் பொருள். எஃப்டிஸ்க்கில் ஒரு நிமிட வேலை. டாஸ் கோப்புகள் மட்டும் போயிருந்தால், அதே பதிப்பு ஃப்ளாப்பியிலிருந்து பூட் செய்து சிஸ் கட்டளை கொடுக்கலாம். ஆனால் முதல் செக்டரை மாற்றி எழுதும் எதையும், அதன் நகலை எடுத்து வைக்காமல் செய்யாதீர்கள். 1986இல் லாகூரில் பாசித், அம்ஜத் சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸ், ஃப்ளாப்பியின் பூட் செக்டரில் தான் உட்கார்ந்துகொண்டு அசலை வேறிடத்துக்கு நகர்த்தியது. அந்தக் காலத்து ஃப்ளாப்பிகளில் அப்படிப்பட்டவை இன்னும் தூங்கிக்கொண்டிருக்கின்றன. ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பியின் ஓரப் பள்ளத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் அதில் எதுவும் எழுதாது. மூன்றரை அங்குலத்தில் துளை திறந்திருக்க வேண்டும்.

இப்போது ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதிலாக யுஎஸ்பி எமுலேட்டர், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மெமரி கார்டு எல்லாம் மலிவாகக் கிடைக்கின்றன. மாட்டிக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் கழற்றிய டிரைவை எடைக்குப் போடாதீர்கள். பழைய ஃப்ளாப்பியைப் படிக்க அது ஒன்றுதான் வழி. கிரீஸ்வீசில் போன்ற சிறு போர்டில் அதை இணைத்தால், இன்றைய கணினியிலேயே ஃப்ளாப்பியின் காந்தப் பதிவை அப்படியே நகலெடுக்கலாம். யுனிகோடுக்கு முன் தமிழில் தட்டச்சு செய்தவர்கள் மென்பொருளுக்கு ஒரு குறியீட்டு முறையைப் பயன்படுத்தினார்கள். எனவே உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட ஃப்ளாப்பிகள் இருந்தால், ஆவணங்களை மட்டுமல்ல, அவற்றைத் தட்டிய மென்பொருளும் எழுத்துருவும் உள்ள ஃப்ளாப்பிகளையும் சேர்த்தே நகலெடுத்து வையுங்கள். பூஞ்சை படிந்திருந்தால் துடைக்காமல் டிரைவில் போட வேண்டாம்.